வளரும் மூளையில் நியூரான்கள் வளர்ச்சிக் காரணியை எப்படி வெளிவிடுகின்றன?

கேள்வி, பிப்ரவரி 3
"நரம்புக்கடத்தி எப்படி வெளியே வருகிறதோ அப்படியேதான் வளர்ச்சிக் காரணியும். துடிப்பு வந்தால் சினாப்ஸில் கொட்டும். நிறையக் கொட்டினால் மூளை நிறைய வளரும். இதை ஏன் இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாக வைத்திருக்கிறார்கள்?"

பிப்ரவரி 3, இரவு
கடைசி வரிக்குத் தனியாக வருகிறேன். "அப்படியேதான்" என்ற சொல்லிலேயே எனக்கு உடன்பாடு இல்லை.

நியூரான் என்ற நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததுக்கு, சினாப்ஸ் என்ற இணைப்பிடத்தில் செய்தி சுமக்கும் குளூட்டமேட் போன்ற நரம்புக்கடத்தி சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள சிறு பைகளில் இருக்கும். ஆக்சான் என்ற நீண்ட இழையின் முனையில், வெளியேறும் இடத்தை ஒட்டியே அந்தப் பைகளில் சில எந்நேரமும் தயாராக நிற்கும். ஒரே ஒரு மின்துடிப்பு போதும், மில்லி விநாடிக் கணக்கில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். காலியான பையை அங்கேயே மீட்டு, அங்கேயே நிரப்பி, மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் அந்த முனை.

வளர்ச்சிக் காரணி, நியூரான்கள் பிழைக்கவும் வளரவும் உதவும் ஒரு புரதம். அதை முனையில் வைத்து நிரப்ப முடியாது. செல் உடலில் உருவாகி, கோல்கி என்ற பொதிகட்டும் உறுப்பு வழியாகப் போய், அடர்மையப் பை எனப்படும் பெரிய பையில் அடைபட்டு, நுண்குழல்களின் மேல் மோட்டார் புரதங்கள் இழுத்துச் செல்ல, முனை வரை பயணம் செய்ய வேண்டும். ஒரு பை திறந்துவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்று செல் உடலிலிருந்துதான் கிளம்பி வர வேண்டும். அதனால்தான் நியூரான் இதில் அவ்வளவு கறாராக இருக்கிறது. ஒற்றைத் துடிப்புக்கு அநேகமாக அசையாது. துடிப்புகள் கொத்துக் கொத்தாக வந்து, உள்ளே கால்சியம் சேர்ந்து, அது சற்று நேரம் நின்றால்தான் பை திறக்கும். திறந்த பிறகும் விநாடிக் கணக்கு, சில சமயம் நிமிடக் கணக்கு.

பிப்ரவரி 4
ஒன்று விட்டுப்போயிற்று. எல்லா வளர்ச்சிக் காரணியும் துடிப்புக்குக் காத்திருப்பதில்லை. செல்லுக்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எப்போதும் திறந்திருக்கும் வழி: புரதம் உருவாக உருவாக வெளியே போய்க்கொண்டே இருக்கும், யாருடைய அனுமதியும் தேவையில்லை. இன்னொன்று கட்டுப்படுத்தப்பட்ட வழி: பையில் இருப்பு வைத்து, கால்சியம் வந்தால் மட்டும் விடுவது. ஆக்சான்கள் போய்ச் சேரும் தோல், தசை போன்ற இலக்குத் திசுக்கள் என்.ஜி.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பெரும்பாலும் முதல் வழியில் விடுகின்றன. மூளையின் நியூரான்கள் பி.டி.என்.எஃப். என்ற அதன் உறவுக்காரப் புரதத்தைப் பெரும்பாலும் இரண்டாவது வழியில் விடுகின்றன. இரண்டும் ஒரே குடும்பம், உருவமும் கிட்டத்தட்ட ஒன்றே. எந்த வழியில் ஏற்றப்படுகிறது என்பதுதான் வேலையை மாற்றுகிறது.

பிப்ரவரி 6
"நியூரானே விடுகிறது என்பது எப்போது தெரிந்தது, முதலில் இலக்குத் திசுதான் தருகிறது என்றுதானே படித்தோம்" என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். சரியாகத்தான் படித்திருக்கிறார்.

ரீட்டா லெவி-மொண்டால்சினி 1940களின் தொடக்கத்தில், யூதர்களுக்கு எதிரான இத்தாலியின் இனச் சட்டங்கள் பல்கலைக்கழகக் கதவை அடைத்துவிட்ட நிலையில், வீட்டுப் படுக்கையறையில் ஆய்வகம் வைத்துக் கோழிக் கருக்களை ஆராய்ந்தார். கால் முளையை வெட்டி எடுத்தால் அந்தக் காலுக்குப் போக வேண்டிய நியூரான்கள் உருவாகிவிட்டுப் பிறகு செத்துப்போவதைக் கண்டார். 1947இல் விக்டர் ஹாம்பர்கர் அழைப்பின் பேரில் செயின்ட் லூயிஸ் போனார். எலியின் சார்கோமா கட்டியைக் கருவில் வைத்தால் நரம்பிழைகள் கட்டியை நோக்கிப் பாய்ந்து வளர்ந்தன. அந்தக் கட்டியோடு எலிகளைத் தூக்கிக்கொண்டு ரியோ டி ஜெனிரோ வரை போய், கண்ணாடித் தட்டில் நரம்பு முடிச்சைச் சுற்றி ஒளிவட்டம் போல இழைகள் முளைப்பதைப் பார்த்தார்.

அதன் பிறகு உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹென். கட்டியின் சாற்றிலிருந்து நியூக்ளிக் அமிலங்களைச் சிதைக்கப் பாம்பு விஷத்தைச் சேர்த்தார். சேர்த்த விஷமே கட்டியைவிடப் பல மடங்கு வீரியத்தோடு இழைகளை வளர்த்தது! விஷச் சுரப்பிக்கு இணையானது பாலூட்டியில் உமிழ்நீர்ச் சுரப்பி என்று யோசித்து, ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தால் அங்கே குவியல் குவியலாக என்.ஜி.எஃப். அந்தப் புரதம் தூய்மையாகக் கையில் கிடைத்தது அப்படித்தான். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதிலிருந்து வந்த படம் இது: இலக்கு கொஞ்சமாகக் காரணியை விடுகிறது, நியூரான்கள் அதற்குப் போட்டியிடுகின்றன, கிடைக்காதவை சாகின்றன. உடலின் ஓரங்களுக்கு, அதாவது மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளுக்கு, இது நன்றாகப் பொருந்துகிறது. மூளைக்குள் வரும்போதுதான் படம் மாறுகிறது.

1982இல் பார்ட், எட்கர், தோனென் மூவரும் பன்றி மூளையிலிருந்து பி.டி.என்.எஃப்.பைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ மூளையிலிருந்து கிடைத்தது ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம். திரும்பப் படியுங்கள்: ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம். "நிறையக் கொட்டினால்" என்று கேள்வி கேட்டவருக்கு நான் முதலில் காட்ட விரும்பும் எண் இதுதான். வளர்ப்பு வேலையைச் செய்யும் புரதத்தை மூளை இவ்வளவு சிக்கனமாகத்தான் வைத்திருக்கிறது.

பிப்ரவரி 6, பின்னிரவு
தூக்கம் வரவில்லை. கண்ணால் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன்.

எலிக் கருவின் ஹிப்போகேம்பஸ் (நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதி) நியூரான்களைத் தட்டில் வளர்த்து, பச்சை ஒளிரும் புரதத்தோடு இணைத்த பி.டி.என்.எஃப்.பை அவற்றுக்குள் உண்டாக்கச் செய்து பார்க்கும் வேலை எனக்குச் சில காலம் இருந்தது. இருட்டறையில் நுண்ணோக்கியைக் குவித்தால் இழைகள் நெடுகப் பச்சைப் புள்ளிகள். சில நிற்கும், சில விறுவிறுவென்று ஒரு பக்கமாக ஓடும், சில பாதி தூரம் போய்த் திரும்பி வரும். பொட்டாசியம் மிகுந்த கரைசலை மேலே விட்டால் செல் மின்முனைவு இழக்கும், கால்சியம் உள்ளே பாயும். அப்போது ஒரு புள்ளி திடீரென்று பளிச்சென்று கூடும். பைக்குள் இருந்த அமிலத்தன்மை, வாய் திறந்ததும் போய்விடுவதால் வரும் பளிச்சு அது. பிறகு மெல்ல, மிக மெல்ல மங்கும். புரதம் உள்ளே இறுகிக் கிடக்கிறது, கரைந்துதான் வெளியேற வேண்டும். சில புள்ளிகள் பளிச்சிட்டுவிட்டு மங்காமலே மறுபடி மூடிக்கொண்டன. பக்கத்திலேயே இருந்த எத்தனையோ புள்ளிகள் எதுவுமே நடக்காதது போல அப்படியே கிடந்தன. நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அசையாத புள்ளிகளைத்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்படி ஒளிரச் செய்த செல், இயல்பைவிடப் பல மடங்கு அதிகமாகப் புரதத்தை உண்டாக்குகிறது. அதனால் "இங்கே திறந்தது" என்று பார்ப்பது, இயல்பான மூளையிலும் அங்கேதான் திறக்கும் என்பதற்கு உறுதி ஆகாது. இந்த விஷயத்துக்குப் பின்னால் மறுபடி வர வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 9
அசையாத புள்ளிகள் செத்த பைகளா என்று கேட்டவருக்கு: உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் அவை செத்த பைகள் அல்ல. 2018இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. எலியின் ஹிப்போகேம்பஸ் நியூரான் ஒன்றில் 1,400 முதல் 18,000 வரை அடர்மையப் பைகள் இருந்தன. நீண்ட, பலமான தூண்டலுக்குப் பிறகும் அவற்றில் 1 முதல் 6 சதவீதம்தான் திறந்தன. மீதி எல்லாம் இருப்பு. ஏன் இவ்வளவு இருப்பு வைக்கிறது என்பதற்கு நான் நம்பும் விளக்கம் இது: பை வந்து சேர நேரம் ஆகும், எந்தச் சினாப்ஸ் எப்போது கேட்கும் என்று செல் உடலுக்கு முன்கூட்டித் தெரியாது, ஆகவே எல்லா இடத்திலும் கொஞ்சம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, சற்றுக் கழித்து
அளப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் புரதம் கடும் காரத்தன்மையும் நேர்மின்னேற்றமும் கொண்டது. எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு கரைசலில் காணாமல் போகும், அதனால் ஆல்புமின் சேர்த்துத்தான் வைப்போம். தட்டில் நியூரான் விட்டதைக் கரைசலில் தேடினால் அநேகமாக வெறுங்கைதான். 2000இல் பால்கோவியெக், காட்ஸ் இருவரும் இதற்கு அழகான வழி செய்தார்கள்: தட்டின் அடியிலேயே பி.டி.என்.எஃப்.பைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசி, அதன் மேல் நியூரான்களை வளர்த்தார்கள். வெளியே வந்தவுடனேயே காலடியில் பிடிபட்டுவிடும். அப்படிப் பார்த்தபோது, துடிப்புகளை விட்டு விட்டுக் கொத்தாகக் கொடுத்தபோதுதான் புரதம் அதிகம் வந்தது. ஒரே சீராகக் கொடுத்தால் அவ்வளவு வரவில்லை. பிப்ரவரி 3 குறிப்பில் "கொத்துக் கொத்தாக" என்று நான் எழுதியதற்கு அடிப்படை இதுதான்.

அதே ஒட்டும் குணம் மூளைக்குள்ளும் உண்டு. வெளியே வந்த புரதம் வெகு தூரம் பரவாது. போதாக்குறைக்கு, வேலை செய்யாத குட்டை வடிவ டிர்க்-பி ஏற்பிகள் (செல்லின் மேல் பி.டி.என்.எஃப்.பைப் பிடிக்கும் புரதங்கள்) சுற்றிலும் இருந்து அதை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆக, எங்கே வெளிவிடப்பட்டதோ அங்கேதான் வேலை.

பிப்ரவரி 10
"எங்கே" என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காம்பெனாட்டின் 1977 பரிசோதனையை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை என்பது என் கருத்து. ஒரு தட்டை மூன்று அறைகளாகத் தடுத்தார். நடு அறையில் நியூரான்கள். பக்க அறைகளுக்குள் தடுப்பின் அடியில் நுழைந்து ஆக்சான்கள் வளரும். ஒரு பக்க அறையில் மட்டும் என்.ஜி.எஃப்.பை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து இழைகள் மட்டும் வாடும். அதே செல்களின் மறுபக்க இழைகள் செழிப்பாக இருக்கும். செல் உடல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கிளை வாடுகிறது. கிளைக்குக் கிளை தீர்ப்பு.

பிப்ரவரி 10, மாலை
"இலக்குதான் தருகிறது" என்ற படம் மூளைக்குள் மாறுகிறது என்றேன். எப்படி என்றால், மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்று ஒரு பகுதி. அங்கே பி.டி.என்.எஃப். புரதம் தாராளமாக இருக்கிறது, ஆனால் அதை உண்டாக்கும் எம்.ஆர்.என்.ஏ. அநேகமாக இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? 1997இல் ஆல்ட்டர் குழு காட்டியது: பெருமூளைப் புறணியின் நியூரான்கள் உண்டாக்கி, தங்கள் ஆக்சான் வழியாக அனுப்பி, அங்கே விடுகின்றன. இலக்கிலிருந்து பின்னோக்கி வருவதற்குப் பதிலாக, முன்னோக்கிப் போகிறது. மூளை நியூரான்களை மெல்ல அழிக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோயில் ஸ்ட்ரையேட்டம் முதலில் பாதிக்கப்படுவதற்கு இந்த வழி தடைபடுவதும் ஒரு காரணம் என்று பார்க்கிறார்கள். அந்த நோயில் மாறிப்போகும் ஹன்டிங்டின் புரதம் இந்தப் பைகளின் போக்குவரத்துக்கு உதவுகிறது என்பது 2004இல் தெரிந்தது.

ஆக்சான் வழியாக வளர்ச்சிச் செய்தி அனுப்புவது பாலூட்டிக்கு மட்டும் உரியதல்ல. பழ ஈயின் கண்ணிலிருந்து மூளைக்குள் நுழையும் ஆக்சான்கள் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைக் கையோடு கொண்டுபோகின்றன. அது வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே காத்திருக்கும் முன்னோடிச் செல்கள் கடைசிப் பிரிவுக்குள் நுழைந்து நியூரான்கள் ஆகின்றன. 1996இல் ஹுவாங், கூன்ஸ் காட்டியது இது. கண் எவ்வளவு ஆக்சான் அனுப்புகிறதோ அதற்கேற்ற அளவில் மூளையில் ஆள் சேர்கிறது. எண்ணிக்கையை யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

பிப்ரவரி 14
அந்தக் கடைசி வரி. "நிறையக் கொட்டினால் நிறைய வளரும்."

பி.டி.என்.எஃப். மரபணு இல்லாத சுண்டெலிகளை 1994இல் உருவாக்கினார்கள். பெரும்பாலானவை பிறந்து சில வாரங்களுக்குள் இறந்தன. சமநிலைக்கான உட்செவி நரம்பு முடிச்சில் நியூரான்கள் பெருமளவு அழிந்திருந்ததால், அவை தலையை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. ஆனால் மூளைக்குள்? நியூரான்களின் எண்ணிக்கையில் எதிர்பார்த்த சரிவு இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில், ஸ்ட்ரையேட்டத்தில் குறைந்தது, செய்தி வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகளின் கிளைப்பு, அவற்றின் மேல் சினாப்ஸ் அமரும் முட்களின் எண்ணிக்கை. அதாவது உடலின் ஓரத்தில் "வாழ்வா சாவா" என்று முடிவு செய்யும் அதே காரணி, மூளைக்குள் "எவ்வளவு கிளைக்கலாம், எந்தச் சினாப்ஸ் நிற்கலாம்" என்பதை முடிவு செய்கிறது.

அதிகம் கொடுத்தால்? 1995இல் நரம்பியலாளர் கார்லா ஷாட்ஸின் ஆய்வகம் பூனைக்குட்டிகளின் பார்வைப் புறணியில் பி.டி.என்.எஃப்.பைச் செலுத்திப் பார்த்தது. சாதாரணமாக, இரு கண்களிலிருந்தும் வரும் இழைகள் போட்டியிட்டு, பட்டை பட்டையாகப் பிரிந்து இடம் பிடிக்கும். காரணியை எங்கும் தாராளமாக விட்டதும் அந்தப் பட்டைகள் உருவாகவே இல்லை. எல்லோருக்கும் கிடைக்கிறது என்றால் யாரும் பின்வாங்க வேண்டியதில்லை, வடிவம் வராது. 1999இல் இன்னொரு பக்கம்: பிறந்த பின் பி.டி.என்.எஃப். மிகையாக உண்டாகும் சுண்டெலிகளில் மற்றவற்றின் துடிப்பை அடக்கும் தடுப்பு நியூரான்கள் முன்கூட்டியே முதிர்ந்து, அனுபவத்தால் இணைப்புகள் மாறக்கூடிய பார்வைப் புறணியின் நெகிழ்வுக் காலம் சீக்கிரமே தொடங்கி, சீக்கிரமே முடிந்தது. கூடுதல் வளர்ச்சி என்று இதை எப்படிச் சொல்வது? கதவு முன்னதாகச் சாத்தப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 15
"கண் திறக்காத குட்டிக்கு அனுபவமே கிடையாதே, துடிப்பு எங்கிருந்து வரும்?" நல்ல கேள்வி. விழித்திரையிலேயே தானாக அலைகள் எழுகின்றன. பக்கத்துச் செல்கள் சேர்ந்து கொத்தாகத் துடித்து, அடங்கி, மறுபடி துடிக்கும். 1991இல் ஃபெரெட் என்ற சிறு பாலூட்டியின் குட்டி, பூனைக்குட்டி ஆகியவற்றின் விழித்திரைகளில் பதிவு செய்தார்கள். இளம் ஹிப்போகேம்பஸிலும் இதே போலப் பெரிய கூட்டுத் துடிப்புகள் உண்டு. கொத்து, இடைவெளி, கொத்து. அடர்மையப் பை கேட்பதும் அதே தாளம்தான். ஒளி வருவதற்கு முன்பே பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. ஒளி வந்த பின் அதுவும் சேர்ந்துகொள்கிறது. எலிகளை இருட்டில் வைத்தால் பார்வைப் புறணியில் பி.டி.என்.எஃப். எம்.ஆர்.என்.ஏ. குறைவதை 1992இலேயே பார்த்துவிட்டார்கள்.

பிப்ரவரி 19
இதுவரை "பி.டி.என்.எஃப்." என்று ஒரே பெயரில் சொல்லிவந்தேன். அதுவும் போதாது. முதலில் உருவாவது நீளமான முன்வடிவம், சுமார் 32 கிலோடால்ட்டன். அதன் முன்பகுதியை நொதிகள் வெட்டி எறிந்தால் 119 அமினோ அமிலங்கள் கொண்ட முதிர்வடிவம், சுமார் 14 கிலோடால்ட்டன். கோல்கியிலேயே வெட்டலாம், பைக்குள் வெட்டலாம், வெளியே வந்த பிறகு பிளாஸ்மின் என்ற நொதியும் வெட்டலாம்.

முதிர்வடிவம் டிர்க்-பி ஏற்பியில் அமர்ந்தால் வளர்ச்சி, வலுப்படுதல். முன்வடிவம் பி-75 என்ற வேறொரு ஏற்பியில் அமர்ந்தால் நேர் எதிர்: பின்வாங்குதல், தளர்தல். முன்வடிவ என்.ஜி.எஃப். செல்லைக் கொல்லவே செய்யும் என்று 2001இல் காட்டினார்கள். ஆகவே ஒரே பை திறந்தாலும், வெட்டும் நொதி பக்கத்தில் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு கிளை வாழ்கிறது அல்லது தேய்கிறது. நியூரான்கள் முன்வடிவத்தை உண்மையிலேயே எவ்வளவு விடுகின்றன என்பதில் ஆய்வகங்கள் மோதிக்கொண்டன: பார்டின் குழு 2008இல், உள்ளேயே வேகமாக வெட்டப்பட்டுவிடுகிறது என்றது, மறு ஆண்டு ஹெம்ப்ஸ்டெட் குழு, பிறந்த ஆரம்ப வாரங்களில் முன்வடிவமும் வெளியே வருகிறது என்றது. இரண்டையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, வயதுதான் முக்கியம் என்பது. கிளைகளைக் கழிக்கும் பருவத்தில் கழிக்கும் வடிவம் அதிகம் இருப்பதில் வியப்பில்லை.

பிப்ரவரி 20
மரபணுப் பரிசோதனை அறிக்கையில் "வேல்66மெட்" என்று வந்திருப்பதாக ஒருவர் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்.

இந்தக் கேள்வி-பதில் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. பி.டி.என்.எஃப். முன்வடிவத்தின் 66ஆம் இடத்தில், வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின். அந்த இடம் வெட்டி எறியப்படும் முன்பகுதியில் இருக்கிறது. முதிர்ந்த புரதத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. உண்டாகும் அளவும் மாறவில்லை. எப்போதும் திறந்திருக்கும் வழியும் சரியாகவே ஓடுகிறது. மாறுவது ஒன்றுதான்: புரதத்தைக் கட்டுப்படுத்தப்பட்ட பையில் ஏற்றும் சார்டிலின் என்ற புரதம், அந்த முன்பகுதியைச் சரியாகப் பற்றுவதில்லை. எனவே துடிப்பு வரும்போது வெளியே வருவது குறைகிறது. 2003இல் இதைக் கண்டபோது ஹிப்போகேம்பஸ் சார்ந்த நினைவுச் சோதனைகளில் சிறு வேறுபாடும் தெரிந்தது.

ஆனால் சிறு வேறுபாடு, அதுவும் கூட்டத்தின் சராசரியில். உலகில் கோடிக்கணக்கானோர் இந்த மாற்றத்தோடு இயல்பாக வாழ்கிறார்கள். அந்த ஒற்றை வரியை வைத்து உங்கள் நினைவாற்றலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. தயவுசெய்து அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

பிப்ரவரி 21
அதே நண்பர், ரத்தத்தில் பி.டி.என்.எஃப். அளவு பார்க்கலாமா என்கிறார். ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி பிளேட்லெட்டுகளுக்குள் அடைபட்டிருப்பது. ரத்தம் உறையும்போது அவை அதை வெளியே விடுகின்றன, அதனால் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) எண் பெரிதாகவும் பிளாஸ்மாவில் (உறையவிடாமல் பிரித்த நீர்) மிகச் சிறிதாகவும் வரும். சுண்டெலியின் பிளேட்லெட்டில் இது கிடையவே கிடையாது. மூளையில் மட்டும் வழக்கம்போல இருக்கும். ஒரு சினாப்ஸில், ஒரு விநாடியில், எந்த வடிவம் வந்தது என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது. குடித்தால் மூளையில் பி.டி.என்.எஃப். கூடும் என்று விற்கப்படும் பொடிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேலே பிப்ரவரி 14 குறிப்பைப் படித்துவிட்டு, எங்கும் கூடுவது நல்லதா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மார்ச் 2
பிப்ரவரி 6 எச்சரிக்கைக்குத் திரும்புகிறேன். ஆக்சானிலிருந்து வருகிறதா, டென்ட்ரைட்டிலிருந்து வருகிறதா?

ஒளிரும் புரதம் வைத்துப் பார்த்தவர்கள் இரண்டிலும் என்றார்கள். 2012இல் பார்டின் குழு, செல் இயல்பாக உண்டாக்கும் அளவிலேயே அடையாளம் பொருத்தி எலி ஹிப்போகேம்பஸைப் பார்த்தது: ஆக்சான் முனைகளின் அடர்மையப் பைகளில்தான் இருக்கிறது, டென்ட்ரைட்டில் தென்படவில்லை என்றார்கள். 2016இல் மெக்னமாரா, யசுடா குழுக்கள் ஒற்றை டென்ட்ரைட் முள்ளைத் தூண்டி, அந்த முள்ளே பி.டி.என்.எஃப். விட்டு, தானே அதைப் பெற்று வளர்வதைக் காட்டின. சில இடங்களில் கண்ணுக்குப் படாத அளவு குறைவாக இருந்தாலும் வேலைக்குப் போதும் என்பதே என் இப்போதைய எண்ணம். ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற உறுப்பில் "தென்படவில்லை" என்பதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம்.

மார்ச் 5
பைகளைத் திறக்கும் கால்சிய உணரி எது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. எல்லாக் காரணிக்கும் ஒரே உணரி கிடையாது. மூளையில் வாசனையைக் கையாளும் மோப்பக் குமிழின் நியூரான்கள் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியை விடுவதற்கு சினாப்டோடாக்மின்-10 என்ற உணரி தேவை. அதே நியூரான்களில் நரம்புக்கடத்தி வேறு சினாப்டோடாக்மினைக் கொண்டு இயங்குகிறது. 2011இல் தெரிந்தது இது. பி.டி.என்.எஃப்.புக்கோ சினாப்டோடாக்மின்-4 பிரேக் போடுகிறது, கேப்ஸ்-2 என்ற புரதம் சிறுமூளையின் துகள் செல்களில் வெளியீட்டைத் தூண்டுகிறது. ஒரே செல்லுக்குள் தனித்தனிப் பூட்டு, தனித்தனிச் சாவி. கேள்வி கேட்டவரின் "அப்படியேதான்" உணரி அளவிலேயே உடைந்துவிடுகிறது.